பூட்டிய வீட்டில் நிற்கும் காருக்கு ஒரு சின்ன சோலார் பேனல்

சென்னையிலோ சிங்கப்பூரிலோ பிழைப்பு, ஊரில் ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு கார். செட்டிநாட்டில் இது சர்வசாதாரணம். கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ தேவகோட்டையோ, ஊருக்கு வந்தால் கோயில், கல்யாணம், முன்னோருக்குப் போடும் படைப்பு என்று சுற்ற வேண்டியிருக்கும் என்பதற்காக வண்டியை விட்டுவைத்திருப்பார்கள். தைப்பொங்கல் கழிந்து நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்குக் கிளம்பலாம் என்று சாவியைத் திருகினால் ‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தம் வரும். செல்ஃப் எடுக்காது. பக்கத்து வீட்டு வண்டியைக் கொண்டுவந்து ஜம்ப்பர் போடுவதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் தள்ளுவதும் எல்லோரும் பார்த்த காட்சிதான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் தள்ளியும் பயனில்லை.

இதற்கு ஒரு வழி, பத்து அல்லது இருபது வாட் சோலார் பேனலும் பேட்டரிக்குப் போகும் சார்ஜை அளவோடு நிறுத்தும் சின்ன கன்ட்ரோலரும் வாங்கி பேட்டரியோடு நிரந்தரமாக இணைத்துவிடுவது. புதிதாகச் செய்யப் போகிறவர்களுக்காக, எதை வாங்குவது, எங்கே வைப்பது, எந்த வரிசையில் இணைப்பது என்று எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. வீட்டில் ஆள் குடியிருந்து கரண்டும் எப்போதும் இருக்கிறது என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். பிளக்கில் சொருகி விட்டுவைக்கக்கூடிய மெயின்டெய்னர் சார்ஜர் கிடைக்கிறது, அது போதும். பேட்டரி நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜராகப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வயரிங் பழசு. பூட்டிக்கொண்டு கிளம்பும்போது மெயினை இறக்கிவிட்டுத்தான் போவார்கள், போகவும் வேண்டும். மெயின் இறங்கிய வீட்டில்தான் சோலாருக்கு வேலை.

‘வாரத்துக்கு ஒருமுறை வீடு பார்க்கிறவரை விட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னால் போதாதா’ என்று கேட்பார்கள். ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு அணைப்பதால் பேட்டரி நிறையாது. என்ஜினும் சூடேறாது, சைலன்ஸருக்குள் தண்ணீர் நிற்கும். அரை மணி நேரம் சாலையில் ஓட்டினால் பயன் உண்டு. அதற்கு லைசென்ஸ் உள்ள, நம்பிக்கையான ஆள் வேண்டும்.

நிற்கிற வண்டியில் சார்ஜ் எங்கே போகிறது

சாவியை எடுத்துவிட்டாலும் இன்றைய காரில் எல்லாமே தூங்கிவிடுவதில்லை. சென்ட்ரல் லாக், அலாரம், கடிகாரம், என்ஜின் கம்ப்யூட்டரின் ஞாபகம் என்று எல்லாமாகச் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தெரியும். 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, முப்பது நாளைக்கு 21.6. சின்ன பெட்ரோல் காரில் இருப்பது 35 ஏ.எச்., அதாவது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. பாதிக்கும் மேல் காலி. மூன்று நாலு வாரம் கழித்து வந்து சாவியைப் போட்டால் வண்டி கிளம்பாததில் ஆச்சரியமே இல்லை.

எதையுமே இணைக்காமல் தனியாக வைத்த பேட்டரியும் தானாக இறங்கும். 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை இறங்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரை ஷெட்டுக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று காரைக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சார்ஜ் இறங்குவதைவிட, இறங்கிய நிலையிலேயே பேட்டரி கிடப்பதுதான் பெரிய கெடுதல். சார்ஜ் இறங்கும்போது உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளின் மேல் லெட் சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் படிவம் இறுகிப்போய்விடும், பிறகு முழுசாகக் கரையாது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு போனது போனதுதான். ஐந்து வருஷம் வரவேண்டிய பேட்டரி இரண்டு வருஷத்தில் மண்டையைப் போடுவது இப்படித்தான். இந்தியாவின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது ஊரில் எல்லோரும் சொல்லும் செக்ரி, காரைக்குடியிலேயேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட நிலையம். பேட்டரிகளை ஆராய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் வருஷத்துக்கு ஒரு பேட்டரியைத் தூக்கிப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

பேனல் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். வண்டியை ஓட்டி நிறுத்தியதும் அளக்கக்கூடாது, ராத்திரி முழுக்க ஓய்வாக இருந்தபின் காலையில் அளக்க வேண்டும். டெர்மினலில் 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுசு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. அதற்குக் கீழே போனதைச் சின்ன பேனலால் தூக்கி நிறுத்த முடியாது. பேட்டரிக் கடையில் கொடுத்து முழு சார்ஜ் ஏற்றி, இழுப்புக் கொடுத்தால் தாங்குகிறதா என்ற லோடு டெஸ்ட்டும் பார்த்துவிட்டு மாட்டுங்கள். இந்த அளவுப் பேனல், நிறைந்த பேட்டரியை நிறைந்தபடி வைத்திருக்கும், காலியானதை நிரப்பாது. இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கிவிட்டுத்தான் பலரும் ‘சோலார் எல்லாம் சும்மா’ என்கிறார்கள்.

அடுத்து, உங்கள் வண்டி சும்மா நிற்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். சாவியை எடுத்துவிட்டுக் கதவுகளை மூடி, பானெட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கழற்றிய கிளாம்ப்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். எடுத்த எடுப்பில் பெரிய எண் காட்டும், பயப்பட வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். அரை மணி நேரம் பொறுத்தால் எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். 0.03 என்று நின்றால் 30 மில்லி ஆம்பியர். சாவியில்லாமல் பட்டனில் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால் ரிமோட்டை வீட்டுக்குள் தள்ளி வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் வண்டி முழுசாகத் தூங்காது. மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் ஸ்டார்ட் செய்துவிடக்கூடாது, செய்தால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் பேனலைப் பற்றி யோசிப்பதற்கு முன் திருடனைப் பிடியுங்கள். டிக்கிக்குள் அணையாமல் எரியும் விளக்கு, பின்னால் மாட்டிய மியூசிக் சிஸ்டம், ஜி.பி.எஸ். கருவி, இவைதான் வழக்கமான ஆட்கள். பார்க்கிங் நேரத்திலும் படம் பிடிக்கும் டேஷ்கேம் இருநூறு, முந்நூறு மில்லி ஆம்பியர்கூட இழுக்கும். பூட்டிய ஷெட்டுக்குள் அது யாரைப் படம் பிடிக்கப் போகிறது? பிடுங்கிவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.

எத்தனை வாட்

‘12 வோல்ட்’ என்று விற்கும் பத்து வாட் பேனல் நல்ல வெயிலில் சுமார் 17, 18 வோல்ட்டில் 0.55 ஆம்பியர் தரும். நம் பக்கத்தில் வருஷச் சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று கணக்கு வைக்கலாம். காகிதத்தில் 2.75 ஆம்பியர்-மணி வரும். தூசி, சூடு, நிழல் எல்லாம் போக அறுபது சதவீதம் கைக்கு வந்தால் பெரிது, அதாவது 1.6 அல்லது 1.7.

செலவுப் பக்கம் பாருங்கள். வண்டி இழுப்பது 0.72. பேட்டரி தானாக இறங்குவது வெயில் காலத்தில் 0.1 சொச்சம். கன்ட்ரோலரே தன் பங்குக்கு ஒரு பத்து மில்லி ஆம்பியர் தின்னும், அது 0.24. ஆக நாளொன்றுக்கு 1.1 ஆம்பியர்-மணி. மாசி முதல் புரட்டாசி வரை பத்து வாட் பேனல் இதைத் தாராளமாகச் சமாளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வரவு பாதியாகும், சில வாரம் அதற்கும் கீழே போகும். பத்து வாட் அங்கேதான் உதைக்கும். ஊருக்கு வந்து வண்டியை எடுப்பதோ அந்த மழை முடிந்த கையோடு, மார்கழி தையில். எனவே 35 முதல் 45 ஏ.எச். பேட்டரி உள்ள சாதாரண கார் என்றால் இருபது வாட் வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. டீசல் வண்டி, பெரிய எஸ்.யு.வி. என்றாலும் அதன் இழுப்பு ஐம்பது மில்லி ஆம்பியரைத் தாண்டாதவரை இருபதே போதும். தாண்டினால் முப்பது, நாற்பது வாட். ஐம்பது, நூறு என்று ஏறிப் போக வேண்டிய அவசியம் இந்த வேலைக்கு இல்லை.

பழைய அம்பாசிடர், ஃபியட் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அந்த வண்டியில் கம்ப்யூட்டரே கிடையாது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு, ஐந்து வாட் பேனலைக் கன்ட்ரோலர் வழியாகப் பேட்டரிக்கு மட்டும் கொடுத்தால் போதும். அதையும்விட மூத்த பிரிட்டிஷ் வண்டி ஏதாவது ஷெட்டில் நின்றால், பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்.

வாங்க வேண்டிய சாமான்

பேனலில் மோனோ, பாலி என்று இரண்டு வகை சொல்வார்கள். இந்த அளவில் இரண்டும் ஒன்றுதான். அலுமினியச் சட்டமும் கண்ணாடி முகமும் இருக்க வேண்டும். மடித்து வைக்கும் துணிப் பேனல், வளையும் பிளாஸ்டிக் பேனல் எல்லாம் நிரந்தரமாக வெயிலில் கிடப்பதற்கு ஆனவை அல்ல. கடையிலேயே வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்து மீட்டர் வையுங்கள். எதையும் இணைக்காத நிலையில் இருபது முதல் இருபத்திரண்டு வோல்ட் காட்ட வேண்டும். ஆம்பியர் துளையில் வைத்தால், உச்சி வெயிலில் இருபது வாட்டுக்கு ஒரு ஆம்பியரை ஒட்டி வர வேண்டும். அரைதான் வருகிறது என்றால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பொய் சொல்கிறது.

டேஷ்போர்டில் வைத்து சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் குட்டிப் பேனல் ஆன்லைனில் நிறைய விற்கிறது. அதை விட்டுவிடுங்கள். பல வண்டிகளில் சாவியை எடுத்ததும் அந்தத் துளைக்கு இணைப்பே போய்விடும், பேனல் தந்தாலும் பேட்டரிக்குப் போய்ச் சேராது. தவிர, ஷெட்டுக்குள் நிற்கிற வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் எந்த வெயில் வரப்போகிறது?

கன்ட்ரோலரில் பி.டபிள்யூ.எம். வகை (பேனலை வேகமாகச் சேர்த்துப் பிரித்து சார்ஜைக் கட்டுப்படுத்துவது) போதும். பேனல் அதிகபட்சம் தரும் நிலையைத் தேடிப் பிடிக்கும் எம்.பி.பி.டி. உசத்திதான், ஆனால் இருபது வாட்டில் அது மிச்சப்படுத்துவது காசு பெறாது. எம்.பி.பி.டி. என்று அச்சடித்த மலிவு டப்பாக்களில் பலவற்றுக்குள் இருப்பதும் பி.டபிள்யூ.எம். தான். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இரண்டு: வோல்ட்டை எண்ணாகக் காட்டும் திரை இருக்க வேண்டும், ஃப்ளோட் வோல்டேஜை, அதாவது நிறைந்த பேட்டரியை நிறைந்தபடி வைத்திருக்கக் கொடுக்கும் வோல்ட்டை, நாமே மாற்றிவைக்க வழி இருக்க வேண்டும். ‘ஐந்து வாட்தானே, கன்ட்ரோலர் இல்லாமல் நேரே கொடுக்கலாமே’ என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். ராத்திரியில் பேட்டரியிலிருந்து பேனலுக்குத் திரும்பி ஓடாமல் ஒரு டயோடு இருந்தால் அது நடக்கும், தப்பில்லை. ஆனால் மாதக்கணக்கில் பார்க்க ஆள் இல்லாத பேட்டரிக்கு நான் அப்படிக் கொடுக்க மாட்டேன். நிறைந்த பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் உள்ளே தண்ணீர் வற்றும்.

இவை தவிர 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 5 ஆம்பியர் ஃப்யூஸும் அதன் ஹோல்டரும், பேட்டரி போல்ட்டில் மாட்டும் ரிங் லக் இரண்டு, ஒரு பக்கமாக மட்டுமே பொருந்தும் இரண்டு முனை பிளக்-சாக்கெட் ஒரு ஜோடி, பேனல் பக்கத்துக்கு ஒரு டி.சி. ஸ்விட்ச்.

பேனலை எங்கே வைப்பது

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்ப் பின்வாசலில்தான் பல வீடுகளில் வண்டி நிற்கும். வளவு திறந்த வெளிதானே, வெயில் கொட்டுகிறதே என்று அங்கே பேனலை வைக்கத் தோன்றும். வேண்டாம். நாலு பக்கமும் கூரை எழும்பி நிற்பதால் வளவுக்குள் முழு வெயில் இருப்பது நடுப்பகலில் சில மணி நேரம்தான். பேனலுக்குள் முப்பத்தாறு செல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும், அதில் ஒரு செல்லில் உள்ளங்கையளவு நிழல் விழுந்தாலே மொத்த வரவும் விழுந்துவிடும். கைப்பிடிச் சுவரின் சுதைப் பொம்மை நிழல், தென்னங்கீற்று நிழல், டிஷ் ஆன்டெனா நிழல் எல்லாம் இதில் சேர்த்தி. மொட்டை மாடியில் காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்றரை வரை எந்த நிழலும் தொடாத இடமாகப் பாருங்கள். மார்கழியில் நிழல் நீளும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தைத் தெற்குப் பார்த்துப் பத்து முதல் பதினைந்து டிகிரி சாய்த்து வையுங்கள். காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை தொடங்கி ஆவணி வரை உச்சி வெயில் நம் தலைக்கு வடக்கே கூடப் போகும், ஆனால் அந்த மாதங்களில் நமக்கு வரவு மிச்சம்தான். பற்றாக்குறை வருகிற ஐப்பசி முதல் மார்கழி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களுக்குத்தான் இந்தச் சாய்வு. இன்னொரு பயன், சாய்வு இருந்தால் மழை பெய்யும்போது செம்மண் தூசியும் காக்கை எச்சமும் கழுவிக்கொண்டு போய்விடும். படுக்க வைத்தால் சேறு தங்கி ஓரத்துச் செல்களை மறைக்கும்.

பழைய சுண்ணாம்புத் தளத்திலோ ஓட்டிலோ துளை போடாதீர்கள். நூறு வருஷம் ஒழுகாத மாடியை இரண்டு போல்ட்டுக்காக ஒழுகவிட வேண்டாம். இரும்புக் கோண ஸ்டாண்டில் பேனலை மாட்டி, அதன் கால்களை இரண்டு கான்கிரீட் கல்லோடு சேர்த்துக் கட்டினால் போதும். கல்லின் எடையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இருபது வாட் பேனல் இரண்டு கிலோ சொச்சம்தான். குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பக்கம் குரங்கு வருகிற வீடு என்றால் வயரைத் தொங்கவிடாமல் பேனலின் முதுகிலிருந்தே பி.வி.சி. பைப்புக்குள் இறக்கிவிடுங்கள். குரங்கு வராத ஊரில் எலி வரும், எப்படியும் பைப் வேண்டும்.

வயர் ஓடும் வழி

மாடியிலிருந்து ஷெட் வரை இருபது மீட்டர் ஆகலாம். கன்ட்ரோலரை மாடியில் வைப்பதா, ஷெட்டில் வைப்பதா என்ற கேள்வி இங்கே வரும். ஷெட்டில், பேட்டரியிலிருந்து இரண்டு மீட்டருக்குள், சுவரில். காரணம் உண்டு. பேனல் தருவது 17 வோல்ட், பேட்டரிக்கு வேண்டியது 14க்குள். நீள வயரில் அரை வோல்ட் போனாலும் பேனல் பக்கம் தாங்கும். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில் அதே அரை வோல்ட் போனால், பேட்டரி நிறைந்துவிட்டது என்று தப்பாக நினைத்துக் கன்ட்ரோலர் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளும். பானெட்டுக்குள் கன்ட்ரோலரை வைக்கவே கூடாது, என்ஜின் சூட்டில் வெந்துபோகும்.

ரிங் லக் இரண்டையும் பேட்டரி கிளாம்ப்பின் போல்ட்டில் இறுக்குங்கள். சிவப்பு வயரில், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வர வேண்டும். தள்ளி வைத்தால், நடுவில் எலி கடித்து வயர் பாடியில் தொட்டால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. நெகட்டிவ் முனையில் சின்ன சென்ஸார் டப்பா உட்கார்ந்திருக்கும் புது வண்டிகளில், அதாவது சிக்னலில் என்ஜின் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் வகைகளில் இது இருக்கும், கறுப்பு வயரை முனையில் மாட்டாமல் பாடியில் உள்ள எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஏறின சார்ஜ் அந்த சென்ஸாருக்குத் தெரியாது. பிறகு வயரை கிரில் வழியாக வெளியே எடுத்து, அங்கே பிளக்-சாக்கெட்டை வையுங்கள். வண்டியைப் பிரிப்பதும் சேர்ப்பதும் இனி அந்த ஒரு இடத்தில்தான்.

இணைக்கும் வரிசை

இதில் மட்டும் வரிசை மாறக்கூடாது.

1. பேட்டரி டெர்மினல் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து, காய்ந்தபின் வாஸலின் தடவுங்கள். மூடி திறக்கும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் அளவு பாருங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது, பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன்.
2. மாடியில் பேனல் பக்கத்து ஸ்விட்ச் அணைந்திருக்கட்டும். அல்லது பேனல் மேல் கெட்டியான சாக்கு ஒன்றைப் போட்டு மூடுங்கள்.
3. முதலில் பேட்டரி. வண்டிப் பிளக்கைச் சேர்த்ததும் கன்ட்ரோலர் திரை எரிந்து பேட்டரி வோல்ட்டைக் காட்டும். பேட்டரி வகையைச் சாதா, சீல்டு, ஏ.ஜி.எம். (அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊறவைத்த வகை) என்று உங்களுடையதற்கு ஏற்ப வையுங்கள். லித்தியம் என்று மாறிக் கிடந்தால் திருத்துங்கள்.
4. அடுத்து பேனல். ஸ்விட்சைப் போட்டதும் திரையில் சூரியன் படமோ அம்புக்குறியோ ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பேனல் வயர் தலைகீழாக இருக்கும்.
5. ‘லோடு’ என்று எழுதிய மூன்றாவது ஜோடித் துளையைச் சும்மா விட்டுவிடுங்கள்.

பிரிக்கும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் மாட்டியிருந்தால், 20 வோல்ட்டைப் பார்த்துவிட்டு இது 24 வோல்ட் வண்டி என்று சில கன்ட்ரோலர்கள் முடிவுகட்டிவிடும், சில எரிந்தே போகும்.

வயர்மேனைக் கூப்பிட்டுச் செய்கிறவர்கள் அவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ‘எர்த் எல்லாம் ஒன்றுதானே’ என்று பேனலின் நெகட்டிவையும் பேட்டரியின் நெகட்டிவையும் வெளியே சேர்த்து முறுக்கிவிடக்கூடாது. மலிவு கன்ட்ரோலர்கள் பலவற்றில் உள்ளே நெகட்டிவ் பக்கத்தைத்தான் திறந்து மூடுவார்கள். அதை வெளியே சேர்த்துவிட்டால் கன்ட்ரோலர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வெயில் ஊருக்கான ஒரு திருத்தம்

கடையிலிருந்து வரும்போது ஃப்ளோட் வோல்டேஜ் 13.7 அல்லது 13.8 என்று வைத்திருப்பார்கள். அது 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 18 முதல் 30 மில்லி வோல்ட் வரை குறைக்க வேண்டும். நாற்பது டிகிரி தொடுகிற ஷெட்டில் 13.4தான் சரி. நல்ல கன்ட்ரோலர் தானே குறைத்துக்கொள்ளும். மலிவானது என்றால் நீங்களே 13.4 அல்லது 13.5 என்று வைத்துவிடுங்கள். மழைக் காலத்துக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் பரவாயில்லை. கோடை முழுக்கக் கூடுதலாக ஏறித் தண்ணீர் வற்றுவதைவிட இது மேல்.

ஊரில் இல்லாதபோது

வீடு பெருக்க வருகிறவர்களிடம் வாரத்துக்கு ஒருமுறை கன்ட்ரோலர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேரம்தான் முக்கியம். போனில் பேசிக்கொள்வது இப்படி இருக்கும்:

“தம்பி, 13.4 காட்டுதுப்பா. நல்லாத்தான இருக்கு?”

“எத்தனை மணிக்கு எடுத்தீங்க அக்கா?”

“இப்பத்தான், பதினோரு மணிக்கு. சமையலை முடிச்சிட்டு வந்தேன்.”

“அது வெயிலு குடுக்கிற எண்ணு அக்கா. நாளைக்கு வாசல் தெளிக்க வர்றப்ப, பொழுது விடியுமுன்ன எடுத்து அனுப்புங்க.”

வெயில் ஏறியபின் எந்தப் பேட்டரியும் 13க்கு மேல் காட்டும், செத்த பேட்டரிகூட. விடியுமுன் 12.6க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 12.4க்கு இறங்கினால் பேனலைத் துடைக்கச் சொல்லுங்கள், ஈரத் துணியால், காலையில், கண்ணாடி சூடாவதற்கு முன். துடைத்தும் ஏறவில்லை என்றால் ஃப்யூஸ், பிறகு புதிதாக முளைத்த நிழல். பக்கத்து வீட்டில் மாடி எழுப்பியிருப்பார்கள். பகலில் 14 வரை ஏறி விடிவதற்குள் 12.2க்கு விழுகிறது என்றால் பேனலைக் குற்றம் சொல்லாதீர்கள். பேட்டரிக்கு வயசாகிவிட்டது, அல்லது வண்டிக்குள் எதுவோ இழுக்கிறது.

வண்டியை எடுக்கும் அன்று

பிளக்கைக் கழற்றாமல் வண்டியை எடுத்தால் வயரோடு கன்ட்ரோலரும் சுவரைவிட்டு வந்துவிடும். நிறுத்தும் அன்றே ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைப்பது நல்ல பழக்கம். வண்டியை எடுப்பது மருமகனோ டிரைவரோ யாராக இருந்தாலும் ஏன் என்று ஒரு முறையாவது கேட்பார்கள். பேனல் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிரித்து, கிரில் பக்கம் தொங்கும் முனையில் ரப்பர் மூடியைப் போட்டு உள்ளே சொருகிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஏ.சி.யைப் போடாமல் இரண்டு நிமிஷம் விடுங்கள். முதல் ஓட்டம் பிள்ளையார்பட்டி வரை போய் வருகிற அளவுக்காவது இருக்கட்டும். திரும்பி வந்து நிறுத்தியதும் அதே வரிசையில் சேர்த்துவிடுங்கள், ‘ரெண்டு நாள்தானே’ என்று விட்டால் அது அடுத்த வருகை வரை அப்படியே கிடக்கும்.

டயர் காற்று, டேங்கில் பழசாகும் பெட்ரோல், பானெட்டுக்குள் எலி கட்டும் கூடு, இதற்கெல்லாம் பேனல் ஒன்றும் செய்யாது. நிறுத்தும்போது டயரில் வழக்கத்தைவிட ஐந்து பவுண்டு கூடுதலாக அடித்து, ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் முதல் கியரிலும் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தும் விட்டுவிட்டுப் போங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில் வைத்து, அதற்கும் கல் முட்டு.